வேலைக்குப் போய்க்கொண்டே முதல் காமிக்ஸ் புத்தகம்: பணிக் கடிதத்திலிருந்து வருமான வரி வரை

பகலில் அலுவலகம், இரவில் டிராயிங் டேப்லெட் என்று வாழ்கிற பலருடைய கணினியில் பாதியில் நின்ற காமிக்ஸ் ஒன்று கிடக்கிறது. கை ஓடாமல் நின்றவை அவற்றில் குறைவு. எத்தனை பக்கம், எந்த அளவுத் தாள், உரிமை யாருக்கு, எங்கே அச்சடிப்பது என்று எதையும் முடிவு செய்யாமல் முதல் பக்கத்தை வரையத் தொடங்கியதால் நின்றவையே அதிகம். வேலையை விடாமல் ஒரு தமிழ்க் காமிக்ஸை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, அச்சகத்தில் ஒன்று, கடையில் ஒன்று, நண்பர்களிடம் ஒன்று என்று முரணான தகவல்களே எனக்குக் கிடைத்தன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வரைவது இதில் ஐந்தாவது படிதான். முதல் நான்கைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, ஊழியர் ஒருவர் தன் பணியின் அங்கமாக உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் அவருடைய நிறுவனம். வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். நீங்கள் வங்கியிலோ மருந்துக் கடையிலோ வேலை செய்பவர் என்றால் இரவில் வரையும் காமிக்ஸ் பணியின் அங்கம் ஆகாது. அனிமேஷன் ஸ்டுடியோவிலோ விளையாட்டு வடிவமைப்பு நிறுவனத்திலோ வரைகலைஞராக இருந்தால் கதையே வேறு. அங்கே தரும் கடிதங்களில், பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே என்ற வரி இருக்கக்கூடும். இரண்டாவது வேலைக்குத் தடை என்ற வரியும் இருக்கலாம்.

அப்படி இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். புத்தகத்தின் தன்மை, அலுவலக நேரத்துக்கு வெளியே சொந்தக் கருவிகளில் செய்வது, நிறுவனத்தின் கதாபாத்திரங்களையோ கோப்புகளையோ பயன்படுத்தாதது, இந்த மூன்றும் மின்னஞ்சலில் வர வேண்டும். மேலாளர் தேநீர் வேளையில் "தாராளமாகச் செய்யுங்கள்" என்று சொன்னது போதாது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் விதி 15 இருக்கிறது. அலுவல் பணி பாதிக்காதவரை, இலக்கிய, கலைப் பணிகளை எப்போதாவது செய்ய முன் அனுமதி தேவையில்லை என்று அது சொல்கிறது. மாநில அரசு ஊழியர்கள் தங்களுக்கான நடத்தை விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக மடிக்கணினியில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். அலுவலக உரிமத்தில் உள்ள மென்பொருளும் வேண்டாம். படம் வரைய கிரிட்டா, வசனத்துக்கு இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் மூன்றும் இலவசம். ஒரு முழுப் புத்தகத்துக்கு இவையே போதும்.

2. பக்க எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

முதல் புத்தகத்துக்கு உள்ளே 24 பக்கம், வெளியே 4 பக்க அட்டை. இதற்கு மேல் போகவே போகாதீர்கள். ஐந்து பாகக் காவியம் மனத்தில் இருக்கலாம். அதிலிருந்து தனியாக நிற்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். தட்டு வைத்து மொத்தமாக அச்சடிக்கும் ஆஃப்செட் முறையில் 8 பக்கம், 16 பக்கம் என்று ஒரே தாளில் சேர்த்து, பாரக் கணக்கில் ஓட்டுவார்கள். 16 பக்கப் பாரக் கணக்கில் 24 பக்கம் என்றால் ஒன்றரைப் பாரம். 26 பக்கத்தில் கதையை முடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனால், இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்வார்கள் அல்லது இன்னும் இரண்டைச் சேர்த்து நிரப்பச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இரண்டுமே வேதனை.

24 பக்கங்களைப் பிரிக்கும் முறை இது. முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரம், 3 முதல் 22 வரை கதை, கடைசி இரண்டும் உங்களைப் பற்றியோ அடுத்த புத்தகம் பற்றியோ. கதைக்கு 20 பக்கம் கிடைக்கிறது. ஒற்றைப்படைப் பக்கங்கள் வலது கைப்பக்கம் வரும், இரட்டைப்படைப் பக்கங்கள் இடது கைப்பக்கம். ஆகவே வாசகரைத் திடுக்கிடவைக்கும் ஃப்ரேமை 4, 6, 8 போன்ற இரட்டைப்படைப் பக்கத்தின் மேல்பகுதியில் வையுங்கள். அப்போதுதான் தாளைத் திருப்பிய பிறகு அது கண்ணில் படும். வலது பக்கத்தில் வைத்தால் முந்தைய பக்கத்தைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

3. இன்னொருவரோடு சேர்கிறீர்களா? எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எழுதுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர் என்றால் நட்பைக் காப்பதற்கே ஒப்பந்தம் வேண்டும். நண்பரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் வராதவரை சிக்கல் வராது. ஒரு குறும்படக்காரர் கதையைக் கேட்டு வரும் நாளில் சிக்கல் வரும்.

பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19 இன்னும் சில விஷயங்களைச் சொல்கிறது. காலம் குறிப்பிடவில்லை என்றால் இந்த உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதியாகிவிடும். கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழ் வாசகர்களுக்கும் விற்க நினைப்பவர்கள் "உலகம் முழுவதும்" என்ற சொற்களை மறக்கக் கூடாது.

இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். கதை உரிமை யாருக்கு, படங்களின் உரிமை யாருக்கு, கதாபாத்திரங்கள் இருவருக்கும் பொதுவா, அனிமேஷன், விளையாட்டு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் பங்கு எவ்வளவு, அச்சுச் செலவை யார் போடுகிறார்கள், அது திரும்பிய பிறகு லாபம் எந்த விகிதத்தில், ஒருவர் நடுவில் விலகினால் அதுவரை செய்த பக்கங்களின் நிலை என்ன, அட்டையில் பெயர் எந்த வரிசையில். இவற்றில் கடைசியை அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். சண்டைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கூடவே ஒரு எச்சரிக்கை. கதையில் யாராவது ஒரு பாடலை முணுமுணுப்பதாக வைத்தால், திரைப்பாடல் வரிக்கு அனுமதி வேண்டும். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் முடியும்வரை அந்த உரிமை நீடிக்கிறது. பாரதியார் 1921இல் மறைந்தவர். அவருடைய வரிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

4. வசனத்தை வரைவதற்கு முன்பே பக்கத்தில் ஏற்றுங்கள்

தமிழ்க் காமிக்ஸில் அதிகம் சொதப்பும் இடம் இதுதான், அதிகம் கவனிக்கப்படாத இடமும் இதுதான். படத்தை முழுவதும் முடித்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் வசன பலூனைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. தமிழ்ச் சொல் நீளமானது. "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒற்றைச் சொல்லே ஒரு சிறிய பலூனின் அகலத்தை முழுங்கிவிடும். ஆகவே பென்சில் ஓவியத்துக்கும் முந்திய, வெறும் கட்டங்கள் மட்டும் உள்ள நிலையிலேயே வசனத்தை உண்மையான எழுத்துருவில், உண்மையான அளவில் தட்டி வைத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் வசனத்தைக் குறையுங்கள். எழுத்தைச் சிறியதாக்காதீர்கள்.

நீண்ட சொல்லை உடைக்க நேர்ந்தால் பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள். "பார்த்துக் / கொண்டிருக்கிறார்கள்" என்று வரலாம். "பார்த்துக்கொண்டிருக்கி / றார்கள்" என்று மென்பொருள் தானாக வெட்டுவதை விடவே கூடாது.

எழுத்துரு விஷயத்தில் மூன்று சோதனைகள் உண்டு. ஒன்று, உரிமம். இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவை விற்பனைப் புத்தகத்தில் போடாதீர்கள். பாலூ தம்பி, கவிவனார், காட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன, விற்பனைக்கான புத்தகத்திலும் பயன்படுத்தலாம். உருண்டையான பாலூ தம்பி பலூனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. சற்றே சாய்ந்த கவிவனாரைக் கடிதம், நாட்குறிப்பு போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு, யூனிகோட். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டிய வசனத்தைப் பிறகு மாற்றினால் ஒற்றும் கொம்பும் காணாமல் போகும். மூன்று, மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்பது. "கொக்கு", "யோசனை", "பௌர்ணமி" மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் அந்த அமைப்பில் வேலை செய்ய முடியாது. போட்டோஷாப், இன்டிசைன் வைத்திருப்பவர்கள் எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி என்ற தேர்வை இயக்கினால் சரியாகிவிடும்.

அளவுக்கு 9 அல்லது 10 பாயின்ட்டில் தொடங்குங்கள். திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு பக்கத்தை அச்சு அளவிலேயே பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மெல்லிய புள்ளிகள் மையில் அடைந்துபோகும். அங்கே தடித்த எழுத்துருவே வேண்டும்.

5. கோப்பைச் சரியாகத் திறந்துவிட்டு வரையுங்கள்

அச்சகத்தில் புழங்கும் அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டெம்மி 1/8 என்பது 5.5 × 8.5 அங்குலம். கிரவுன் 1/4 என்பது சுமார் 7.25 × 9.5 அங்குலம். வசனம் அதிகம் உள்ள தமிழ்க் கதைக்கு நான் கிரவுனைத்தான் சொல்வேன். சொந்தமாக ஓர் அளவைக் கண்டுபிடித்தால் தாள் வீணாகும், அந்தச் சேதமும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

வண்ணப் பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ. நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள், வெட்டும்போது அது போய்விடும். வெட்டுக் கோட்டிலிருந்து உள்ளே 6 மில்லிமீட்டருக்குள் எந்த பலூனும் வரக் கூடாது. 72 டிபிஐயில் வரைந்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது முடியாது, முழுவதையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

முதல் புத்தகத்தின் உள்பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டை மட்டும் வண்ணம். அச்சுச் செலவு இறங்குவதோடு உங்கள் உழைப்பு நேரமும் பெருமளவு மிச்சமாகும். வண்ணம்தான் வேண்டும் என்றால், திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சின் நான்கு வண்ண மையில் (சிஎம்ஒய்கே) மங்கித்தான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் இரவுக் காட்சிகள் இன்னும் இருண்டுபோகும்.

6. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாகப் பொங்கலை ஒட்டி நடக்கிறது. அங்கே புத்தகம் வர வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் கோப்புகள் அச்சகத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் நாட்காட்டியும் டைரியும் பெரிய பதிப்பகங்களின் புத்தகங்களும் இயந்திரங்களைப் பிடித்துக்கொள்ளும். 300 பிரதிக்காரர் அப்போது வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் ஒரு பக்கம் என்பது நேர்மையான வேகம். நான்கு பக்கத்துக்கு ஒரு வாரம் ஓய்வு விட்டால் 20 பக்கத்துக்கு 25 வாரம். பிப்ரவரி, மார்ச்சில் கதையும் கட்டங்களும். ஏப்ரல் தொடக்கத்தில் வரையத் தொடங்கினால் செப்டம்பர் இறுதியில் முடியும். அட்டையையும் அதற்குள் முடித்துவிடுங்கள். அக்டோபரில் மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம். தீபாவளி வாரத்தில் எந்த வேலையும் நடக்காது என்று முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

மெய்ப்பைக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

7. ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. கட்டணம் கிடையாது. தனிநபராகவும் விண்ணப்பிக்கலாம், எல்லாம் இணையத்தில்தான். அடையாளச் சான்று, அட்டைப் படம், தலைப்புப் பக்கம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் நகராது என்பதால், உள்பக்கங்கள் முடியும் முன்பே அட்டையை முடித்துவிடுவது நல்லது. விண்ணப்பித்தவுடன் எண் வந்துவிடும் என்று எண்ணாமல் செப்டம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் "வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதோடு, எண் அவர்களுடைய பதிப்பகப் பெயரில் இருந்தால் ஆவணத்தில் பதிப்பாளராக நிற்பவரும் அவர்தான். பார்கோடையும் இங்க்ஸ்கேப்பிலேயே உருவாக்கலாம், தனியே செலவு வேண்டாம்.

பதிப்புரிமை, படைப்பு உருவான உடனேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் சான்றாக உதவும். இலக்கியப் படைப்பு அல்லது கலைப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்ததும் நாட்குறிப்பு எண் தருவார்கள். அதன்பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை. வரைந்தவர் வேறு, விண்ணப்பிப்பவர் வேறு என்றால் வரைந்தவரிடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவைப்படும். மூன்றாம் படியில் சொன்ன ஒப்பந்தம் இருந்தால் அதை வாங்குவது சுலபம். பதிவுச் சான்றிதழுக்காகப் புத்தகத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

8. அச்சகத்தில் கேட்க வேண்டியவை

300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, 500க்கு மேல் என்றால் ஆஃப்செட் என்பது தோராயமான எல்லை. சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பகுதிகளிலும், பெரிய எண்ணிக்கைக்குச் சிவகாசியிலும் விசாரிக்கலாம். குறைந்தது மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். மூன்று இடத்திலும் ஒரே விவரத்தைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்: கிரவுன் 1/4, உள்ளே 24 பக்கம் ஒரு வண்ணம், 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ, அட்டை நான்கு வண்ணம், 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், சென்டர் பின், 300 பிரதி.

சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். லேமினேஷன், வண்டிக் கூலி தனியா என்றும் கேளுங்கள். அச்சகக்காரர் மேலோட்டமாக ஒரு தொகை சொல்லி, பில் வரும்போது அது ஏறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

24 பக்கத்துக்கு பெர்ஃபெக்ட் பைண்டிங் கேட்காதீர்கள். அவ்வளவு மெல்லிய முதுகில் பசை பிடிக்காது, தாள்கள் கழன்று வரும். பின் அடித்த புத்தகத்துக்கு முதுகு இல்லாததால் கடை அலமாரியில் பெயர் தெரியாது என்பது உண்மைதான். அட்டையின் மேல்பகுதியில் தலைப்பைப் பெரிதாக வைத்து அதைச் சமாளிக்கலாம்.

கோப்பை பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், வசனங்கள் எல்லாம் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக, மாற்றப்பட்டிருக்க வேண்டும். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை என்றால் வேறொன்று வந்து உட்காரும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறிய எழுத்து மங்கித் தெரியும்.

மொத்தமாக ஓட்டும் முன் அதே தாளில் ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள். அதற்குத் தனிப் பணம் கேட்டாலும் கொடுங்கள். முன்பணம் பாதி, மீதி பிரதிகளைப் பிரித்துப் பார்த்த பிறகு. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவிப் பக்க வரிசையைச் சரிபாருங்கள்.

9. விலை, விற்பனை

கடைகளும் புத்தகக் காட்சி அரங்குகளும் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். ஒரு பிரதியின் அச்சுச் செலவு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 90 என்று போட்டால் 40 சதவீதம் போக 54 கையில் வரும், மிச்சம் 9. அதிலும் வண்டிச் செலவும் சேதமும் உண்டு. 120 என்று போட்டால் 27 மிஞ்சும். ஆகவே அச்சுச் செலவைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே விலை வைக்காதீர்கள். 300 அடித்தால் 270தான் விற்பனைக்கு என்று கணக்கிடுங்கள். மற்றவை நூலகங்களுக்கும் மதிப்புரைக்கும் உதவியவர்களுக்கும் போகும்.

புத்தகக் காட்சியில் சொந்த அரங்கு எடுப்பது ஒரே புத்தகம் வைத்திருப்பவருக்குத் தாங்காது. காமிக்ஸோ சிறுவர் நூலோ விற்கும் அரங்கு ஒன்றில் உங்கள் புத்தகத்தை வைக்கக் கேளுங்கள். கொடுத்த பிரதிகளின் எண்ணிக்கை, கழிவு, பணம் தரும் காலம் மூன்றையும் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தச் சலான் இல்லாமல் கடைகளிடம் பாக்கி வசூலிப்பது மிகக் கடினம்.

முன்பதிவுப் பணத்தைக் கோப்புகள் அச்சகத்துக்குப் போன பிறகே வாங்குங்கள். வரைந்துகொண்டிருக்கும்போது வாங்கிய பணம் ஒவ்வொரு இரவும் உங்களை நெருக்கும்.

தபாலில் அனுப்ப, உறையிட்ட ஒரு பிரதியை எடைபோட்டு அஞ்சலகத்தில் கட்டணம் கேட்டுக்கொண்டு விற்பனை விலையோடு அதைச் சேருங்கள். பதிவஞ்சல் 2025இல் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, பழைய கட்டணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மூலை மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வையுங்கள்.

10. வெளிவந்த பிறகு: நூலகமும் வரியும்

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் போக வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஆசியாட்டிக் சொசைட்டி நூலகம், தில்லி பொது நூலகம். சிறு பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். தமிழ்க் காமிக்ஸ் நூலகங்களில் தேடினால் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாமே அனுப்பாமல் இருப்பது நியாயமில்லை.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதே கதாபாத்திரத்தை டி-ஷர்ட்டிலும் சாவிக்கொத்திலும் போட்டு இணையச் சந்தைகளில் விற்கத் தொடங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. அதற்கு முன் ஒரு கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.

சம்பளக்காரர்கள் வழக்கமாக நிரப்பும் ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது. புத்தக விற்பனை வந்த ஆண்டில் ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 நிரப்ப வேண்டியிருக்கும். எது என்பது நீங்கள் கணக்கு வைக்கும் முறையைப் பொறுத்தது. அச்சக பில், தபால் ரசீது, வரைந்தவருக்குக் கொடுத்த தொகையின் வங்கிப் பதிவு, கடைச் சலான்கள் எல்லாவற்றையும் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். விற்பனைப் பணம் வருவதற்குச் சம்பளக் கணக்கைத் தவிர்த்து வேறொரு சேமிப்புக் கணக்கு இருந்தால், ஆண்டுக் கடைசியில் யார் அனுப்பிய 120 ரூபாய் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.